பள்ளம் இல்லாத மைதானம்

அன்று காலை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஐந்தரை மணிக்கு ஏற்காட்டிலிருந்து ஜீப் கிளம்பியது. ஓட்டியது அண்ணன். பின்சீட்டில் அண்ணி. அண்ணியின் மடியில், போர்வையில் சுற்றிய ஒரு சின்ன விமானத்தின் இறக்கை.

2. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அண்ணி இறக்கையைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். ஏழாவது வளைவில் அதன் நுனி கூரைக் கித்தானில் இடித்தது. சேதம் இல்லை.

3. எட்டு மணிக்கு, சேலத்தை ஒட்டிய ஒரு கல்லூரி மைதானத்தில் இறக்கையை உடலோடு சேர்த்து ரப்பர் வளையங்களால் கட்டினேன்.

4. தேர்வுக்கு வந்திருந்தவர்கள் மூன்று பேர். முதலாமவரின் விமானம் தரையை விட்டு எழும்பவில்லை. இரண்டாமவருடையது இரண்டு சுற்று சுற்றி, சுண்ணாம்பு வட்டத்துக்குள் அழகாக இறங்கியது. மூன்றாவது நான்.

5. விசிறியை விரலால் நான்காவது முறை சுண்டியதும் இஞ்சின் பிடித்தது.

6. விமானம் ஓடி, எழும்பி, எங்களை விட்டு விலகிப் போனது. அதுவரை எல்லாம் சரி.

7. திரும்பி எங்களை நோக்கி வரத் தொடங்கியது. பழகியபடியே நான் அதற்கு முதுகைக் காட்டி நின்றேன்.

8. அண்ணி, "பள்ளம்!" என்று கத்தினார்.

9. பள்ளம் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். பள்ளம் இல்லை.

ஒன்பதிலிருந்து பத்துக்குப் போக ஏறக்குறைய நான்கு விநாடி ஆனது. அந்த நான்கு விநாடியைச் சொல்ல, அதற்கு முந்தைய ஒரு வருடத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கைக்கடிகாரத்துக்குப் பதில்

போன வாரம் பாலிடெக்னிக் ஹாஸ்டலோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்காக: என் அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் ரைட்டர். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை, எந்தக் காட்டில் எத்தனை பேர் என்பதையெல்லாம் செக்ரோல் என்ற நீளமான புத்தகத்தில் எழுதுவது அவர் வேலை. அண்ணன் அதே எஸ்டேட்டின் ஜீப் டிரைவர். நான் எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமா முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன்.

டிப்ளமாவில் வகுப்பில் முதலாவதாக வந்ததற்கு அப்பா கைக்கடிகாரம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பதிலாக, கல்கத்தாவிலிருந்து தபாலில் வரும் ஒன்றரை சிசி இஞ்சின் ஒன்றைக் கேட்டேன். என் முஷ்டியை விடச் சிறியது.

பார்சலைப் பிரித்ததும் அப்பா அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"இதுல மணி பாக்க முடியுமா சாமி?"

"முடியாதுங்கப்பா."

"அப்ப என்னதான் பண்ணும்?"

"சுத்துங்கப்பா."

"வாட்சுலயும் முள்ளு சுத்தத்தாஞ் செய்யுது," என்று சொல்லிவிட்டு, ஆபீசுக்குப் போனார்.

இஞ்சின் வாங்கியதற்குக் காரணம் இருந்தது. தேர்வு நடந்த அந்தக் கல்லூரியில், விமானங்களில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு மாடல் செய்யக் கற்றுக்கொடுக்க ஓர் உதவிப் பயிற்றுநர் தேவை என்று என் பழைய ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார். டிப்ளமா போதும். ஆனால் விண்ணப்பிப்பவர் தானே செய்த மாடல் விமானத்தை ரேடியோவால் இயக்கி, இரண்டு சுற்று சுற்ற வைத்து, வரைந்த வட்டத்துக்குள் இறக்கிக் காட்ட வேண்டும். தேர்வு டிசம்பர் முதல் வாரம்.

அப்பா தடை சொல்லவில்லை. கெடு மட்டும் சொன்னார்.

"கிறிஸ்துமஸுக்குள்ள ஒரு பதில் வந்தாச் சரி. இல்லீனா ஜனவரி ஒண்ணாந்தேதி செக்ரோலு உங் கையில. தொரகிட்டயும் சொல்லி வெச்சிட்டேன்."

செக்ரோல் எழுதுவது மட்டமான வேலை இல்லை. அப்பா முப்பது வருடம் எழுதியிருக்கிறார். ஆனால் எஸ்டேட் ஆபீசில் கரண்டில் இயங்கும் பொருள்கள் மொத்தம் இரண்டு: ஒரு பல்பு, ஒரு காலிங் பெல். பெல் ரிப்பேர். நான் மூன்று வருடம் படித்தது அந்தப் பெல்லுக்காகவா என்ற கேள்வி எனக்கு இருந்தது.

அடுப்புக்கு மேல் இறக்கை

மாடல் விமானத்துக்கென்று ஒரு வெளிநாட்டு மரம் உண்டு. பஞ்சு மாதிரி லேசாக இருக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். சேலத்துக் கடைகளில் அது இல்லை.

காபித் தோட்டத்தில் நிழலுக்கும் மிளகுக்கொடி ஏற்றவும் கல்யாண முருங்கை வைத்திருப்பார்கள். மழைக்கு முன்னால் அதன் கிளைகளைக் கழிப்பார்கள். காய்ந்த கிளையைத் தூக்கினால், நாம் எடுத்த விசைக்குக் கை சும்மா மேலே போய்விடும். அவ்வளவு லேசு. அதில் நான்கு கிளைகளை எங்கள் அடுப்புக்கு மேல் பரணில் ஆறு வாரம் காய வைத்தேன். வாடகைக்கு வாங்கிய ரம்பத்தால் அண்ணன் அதைப் பலகையாக அறுத்துக் கொடுத்தான். பிளேடால் இறக்கையின் குறுக்குச் சட்டங்களை, அதாவது விலா எலும்புகளை, செதுக்கினேன். ஓர் இறக்கைக்குப் பதினொன்று வீதம் இருபத்திரண்டு. நெடுக்கு வாக்கில் மூங்கில் சிம்பு.

மேலே ஒட்டியது பட்டம் செய்கிற தாள். இதில் ஒரு பிரச்சினை வந்தது. வெயில் அடித்த காலையில் மேளத் தோல் மாதிரி விறைப்பாக இருக்கும் தாள், மூடுபனி இறங்கிய மாலையில் ஈரத்துணியாகத் தொங்கியது. மரச்சாமான் பாலிஷ் போடுகிறவர்களிடம் வாங்கிய லேக்கரை மூன்று பூச்சு பூசிய பிறகுதான் நின்றது.

ரேடியோ எனக்குத் தெரிந்த வேலை. கையில் பிடிக்கும் பெட்டியில் இரண்டு பொத்தான்கள். இடது பொத்தானை அழுத்தினால் விமானத்தின் வாலில் இருக்கும் சுக்கான் இடது பக்கம் இழுபடும். வலதை அழுத்தினால் வலது. விட்டால் ஸ்பிரிங் நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். விமானத்துக்குள் சுக்கானை இழுத்தது, உடைந்த டேப் ரெக்கார்டரின் மோட்டார். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பொத்தான் கிடையாது. எண்ணெய் இருக்கும்வரை ஏறும். தீர்ந்தால் இறங்கும்.

ரேடியோவுக்கு லைசென்ஸ் வேண்டும். முறைப்படி எழுதி வாங்கினேன். அரசாங்க முத்திரையோடு வந்த உறையைத் தபால்காரர் கடைவீதி முழுக்கக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். ஒரு மாதம் வரைக்கும், போலீஸில் சேர்ந்துவிட்டாயா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எண்ணெய் மூன்று சரக்கு சேர்ந்தது: ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய். முதல் முறை சமையலறை ஜன்னலுக்கு வெளியே இஞ்சினைப் பலகையில் திருகி ஓட்டியபோது, நீலப் புகை வீடு முழுக்க நிறைந்தது. அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்ன கண்ணு இது, புள்ள பெத்த ஊடு மாதிரி நாறுது?"

"விளக்கெண்ணெய்ங்க அண்ணி."

"இஞ்சினுக்கு வகுத்தால போகலீங்களாமா?"

அண்ணியின் பெயர் சகாயமேரி. கொட்டச்சேடு என்ற மலைக் கிராமத்துப் பெண். எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது இரண்டு வருடம். அவரைப் பற்றி எழுத வேண்டியது இன்னும் இருக்கிறது.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள்

ஏற்காட்டில் சமதரை என்பது யாராவது வெட்டி உண்டாக்கியது. எங்களுக்குக் கிடைத்தது காபிக் களம். பழத்தைக் காய வைக்கும் சிமெண்ட் தளம். நீளம் எண்பது தப்படி. ஒரு பக்கம் காபிச் செடியும் சில்வர் ஓக்குமாக மேடு ஏறிப் போகும். மறு பக்கம் அப்படியே பள்ளம்.

களம் எஸ்டேட்டுடையது. ரைட்டரின் அனுமதி வேண்டும். ரைட்டர் என்னோடு ஒரே தட்டு இட்லியைப் பங்கு போட்டுக்கொள்பவர் என்றாலும் நிபந்தனைகளை எழுதியே கொடுத்தார்:

ஞாயிறு மட்டும். சர்ச்சில் பூசை முடிந்த பிறகு. தளத்தில் எண்ணெய் சிந்தினால் அன்றே கழுவ வேண்டும். பழம் பறிக்கத் தொடங்கியதும் களம் காபிக்கு.

நான் விமானத்தை முடித்த நாளிலிருந்து பழம் பறிப்பு வரைக்கும் பதினோரு ஞாயிறு இருந்தது. நான்கை மூடுபனி எடுத்துக்கொண்டது. ஒன்றைச் சர்ச்சின் பங்குத் திருவிழா. மிச்சம் ஆறு.

முதல் ஞாயிறு, நேராகப் போய் நேராக இறங்கியது. கொஞ்சம் எண்ணெய்தான் ஊற்றியிருந்தேன். நல்ல தொடக்கம் என்று நோட்டில் எழுதினேன்.

இரண்டாவது ஞாயிறு, முதல் முறையாகத் திருப்பினேன். என்னை விட்டுப் போகும்வரை சொன்னபடி கேட்டது. என்னைப் பார்த்து வரத் தொடங்கியதும், இடது பொத்தானுக்கு வலது பக்கம் போனது. பதறி இன்னும் அழுத்தினேன். சில்வர் ஓக் உச்சியில் போய் உட்கார்ந்தது.

இது பழுது அல்ல. எதிரே வரும் ஆளின் இடது கை நமக்கு வலது பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். காரணம் எனக்குத் தெரியும். படம் போட்டு விளக்கவும் முடியும். ஆனால் கட்டைவிரலுக்குப் படம் புரியாது.

அண்ணி மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு அண்ணனைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க. உங்க தங்கச்சி ஜெசி மரத்துக்குப் பூ வெச்சிருக்குதுங்க!"

மூன்றாவது ஞாயிறும் அதே தவறு. இந்த முறை காபிச் செடி. விலா எலும்பு ஆறு போனது. மூன்று ஞாயிறு மீதி. அந்த வாரம் அப்பா பழைய செக்ரோல் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பார்த்துப் பழகுவதற்கு.

யாருடைய இடது?

அந்த வாரம் ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணன் சொன்னான்: "ரிவர்ஸ் எடுக்கறப்ப இதே தொல்லதான் எல்லாருக்கும். அதுக்குத்தான் பின்னால ஒரு ஆளு நிக்கறது."

செம்மநத்தம் போகும் ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால், ஒன்று அகலமான இடம்வரை பின்னால் போக வேண்டும். பின்னால் நிற்பவர் வண்டியைப் பார்த்து நிற்பார். டிரைவர் முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பார். ‘இடது' என்றால் யாருடைய இடது? அதனால் எங்கள் மலையில் இடது, வலது என்று யாரும் சொல்வதில்லை. மலை ஏறும் பக்கம் மேடு. சரியும் பக்கம் பள்ளம். எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் மேடு மேடுதான், பள்ளம் பள்ளம்தான். "மேட்டுல ஒடி, மேட்டுல ஒடி, வரலாம் வரலாம், போதும்!" ஒடி என்றால் ஸ்டியரிங்கைத் திருப்பு. இப்படித்தான் எங்கள் ஜீப்புகள் பின்னால் போகின்றன.

அண்ணியின் அப்பா ஆரஞ்சு ஏற்றும் வண்டி வைத்திருந்தார். வண்டிக்குக் கிளீனர் கிடையாது. எட்டு வயதிலிருந்து வண்டிக்குப் பின்னால் நின்று கத்தியது அண்ணிதான். ஒரு நாள் அந்த ரோட்டில், எதிரே வந்த எங்கள் எஸ்டேட் ஜீப் பின்னால் போக வேண்டி வந்தது. அண்ணி தங்கள் வண்டியிலிருந்து குதித்து ஓடி, ஜீப்புக்குப் பின்னால் நின்று, "ஏனுங்க, பள்ளத்துல உடாதீங்க! மேட்டுல ஒடிங்க! கண்ணு தெரியுதுங்களா இல்லீங்களா?" என்று சத்தம் போட்டிருக்கிறார். அண்ணன் அண்ணியை முதன்முதலில் பார்த்தது பின்பக்கக் கண்ணாடியில்.

"அப்ப நானே பின்னால நிக்கறேன்," என்றார் அண்ணி, ரசத்தை ஊற்றிக்கொண்டே. "ஜெசி வண்டி ஓட்டட்டும். நாங் கத்தறேன். கத்தறதுக்கு எனக்குக் கூலி வேண்டாம்."

"நீ சும்மாவே கத்துவ," என்றான் அண்ணன்.

"உங்களுக்குக் காது கேக்கறதுக்காகத்தானுங்க."

அடுத்த ஞாயிறு அதைச் செய்து பார்த்தோம். விதி ஒன்றே ஒன்று: விமானம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ, அந்தத் திசையைப் பார்த்து நானும் நிற்க வேண்டும். அது விலகிப் போகும்போது அதைப் பார்க்கலாம். எங்களை நோக்கி வரும்போது நான் அதற்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும் டிரைவர் மாதிரி. அண்ணி மட்டும் விமானத்தைப் பார்ப்பார். அவர் "மேடு" என்றால், என் உடம்புக்கு எந்தப் பக்கம் மேடு இருக்கிறதோ அந்தப் பக்கத்துப் பொத்தான். "நேரு" என்றால் பொத்தானை விட்டுவிட வேண்டும்; எத்தனை "புடி" சொல்கிறாரோ அவ்வளவு நேரம் அழுத்த வேண்டும்.

முதல் தடவை நான் பொறுக்க முடியாமல் திரும்பிப் பார்த்தேன். உடனே இடமும் வலமும் மாறிக்கொண்டன. மறுபடியும் காபிச் செடி.

"திரும்பாத கண்ணு," என்றார் அண்ணி. "டிரைவரு எறங்கி வந்து பாத்தா வண்டி யாரு ஓட்டறது?"

அதன்பின் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் இஞ்சின் சத்தம் ஒரு தையல் மிஷினைப் போல நெருங்கி வரும். அண்ணியின் குரல் அதற்கு மேலே கேட்கும்: "நேரு... நேரு... மேடு ஒரு புடி... அரப் புடி... போதும்." சத்தம் தலையைத் தாண்டும். நிழல் காலடியில் ஓடும். அதற்குப் பிறகு விளக்கெண்ணெய் வாசம் வந்து சேரும். அப்போது விமானம் மறுபடி எனக்கு முன்னால் இருக்கும், முதுகைக் காட்டிக்கொண்டு.

மூன்று ஞாயிறு, பதினான்கு தடவை பறந்தது. கடைசிப் பன்னிரண்டும் களத்தில் இறங்கின. அதற்கு அடுத்த வாரம் களத்தில் பழம் விரித்தார்கள்.

பதினேழு வித்தியாசங்கள்

நான் கவனக்குறைவான ஆள் இல்லை. ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் என்னென்ன வித்தியாசம் என்று நோட்டில் பட்டியல் போட்டேன். சிலவற்றை இங்கே தருகிறேன்:

கீழே காற்று அடர்த்தி அதிகம், எண்ணெய் ஊசியைத் திருத்த வேண்டும். வெயிலில் தாள் இன்னும் விறைக்கும், இறக்கை முறுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஈதர் சீக்கிரம் ஆவியாகும், புட்டியை ஈரத்துணியில் சுற்ற வேண்டும். தரை சிமெண்ட் இல்லை, புல், சக்கரம் பெரிதாக வேண்டும். அண்ணிக்கு மலை இறங்கினால் காது அடைக்கும், ஒரு மணி நேரம் முன்னால் போக வேண்டும்.

மொத்தம் பதினேழு. ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்தாயிற்று என்று டிக் போட்டேன். அண்ணன் படித்துப் பார்த்துவிட்டு, ஜீப்புக்குத் தண்ணீர் என்று பதினெட்டாவதைச் சேர்த்தான்.

மைதானத்தில் மலை இருக்காது என்பது பட்டியலில் இல்லை. எங்கள் மூன்று பேரில் யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் தினமும் சேலம் போய் வருகிறவன். நான் மூன்று வருடம் அங்கே படித்தவள். மேடும் பள்ளமும் இல்லாத தரையில் நின்றிருக்கிறோம். அங்கே நின்று விமானம் ஓட்டியதில்லை.

நான்கு விநாடி

தேர்வாளர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைத் தொப்பி, கையில் அட்டை. அண்ணியைப் பார்த்து, "இவங்க?" என்று கேட்டார்.

"என் அண்ணிங்க சார். உதவிக்கு."

"ஒருத்தர் இருக்கலாம்னு விதியிலேயே இருக்கு. இருக்கட்டும்."

அளந்து ஊற்றிய எண்ணெய் இரண்டு சுற்றுக்கும், வட்டத்துக்கு மேலே வந்து சேர்வதற்கும் சரியாக இருக்கும். அதற்கு மேல் சில விநாடிதான் கூடுதல். வட்டத்துக்குள் இஞ்சின் ஓடாமல் இறங்க வேண்டும் என்பதால் அதிகமாக ஊற்ற முடியாது.

விமானம் திரும்பியது. நான் முதுகைக் காட்டினேன்.

"பள்ளம்!"

எனக்கு ஒரு பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு. மறு பக்கம் தண்ணீர்த் தொட்டி. இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. என் இரண்டு கட்டைவிரல்களும் இரண்டு பொத்தான்களின் மேல் அப்படியே இருந்தன.

"பள்ளங் கண்ணு, பள்ளம்... பள்ளத்துல ஒடி..." குரல் நின்றது. அண்ணியின் குரல் நடுவில் நின்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு, கொஞ்சம் மெதுவாக: "அய்யோ சாமி, இங்க பள்ளத்தக் காணமே!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். இஞ்சின் சத்தம் ஒரு பக்கமாக விலகிக்கொண்டே போனது. எந்தப் பக்கம் என்று முதுகுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் என்ன ஆகும் என்பது தெரியும். செக்ரோலின் கோடு போட்ட பக்கம் ஒரு முறை ஞாபகத்துக்கு வந்தது. அதில் அப்பாவின் கையெழுத்து, குண்டுகுண்டாக.

"ஊட்டுப் பக்கம்!" என்று அண்ணி கத்தினார். "ஊட்டுப் பக்கம் ஒடி கண்ணு! நம்ம ஊடு! ஊடு!"

தலையைத் தூக்கினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தென்னை மரங்களுக்கு மேலே, வெளிறிய நீலத்தில் சேர்வராயன் மலை இருந்தது. காலையிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. எனக்கு வலது கைப்பக்கம்.

10. வலது பொத்தானை அழுத்தினேன்.

"அதேதான்! இன்னும்... இன்னும்... போதும். நேரு."

மிச்சத்தை அண்ணி இரண்டு புதுச் சொற்களில் ஓட்டினார். எங்கள் வீடு இருக்கும் மலைப் பக்கம் "ஊடு". எதிர்ப்பக்கம் "டவுனு". "டவுனு ஒரு புடி... நேரு... ஊடு அரப் புடி..." முதல் சுற்று முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது.

ஆனால் அந்த நான்கு விநாடியில் விமானம் தூரமாக விலகிவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர எண்ணெய் செலவானது. வட்டத்துக்கு வருவதற்கு முன்பே இஞ்சின் நின்றது. அண்ணி "நேரு" என்று ஒரு முறை சொன்னார். தலைக்கு மேல் காற்றை வெட்டும் சத்தம் மட்டும் போனது. புல்லில் இறங்கியது. உடையவில்லை. வட்டத்தின் கோட்டுக்கும் அதற்கும் பத்தொன்பது தப்படி.

தேர்வாளர் அட்டையில் எழுதிக்கொண்டே வந்தார்.

"ஏம்மா, உங்க விமானத்துக்கே முதுகைக் காட்டி நின்னீங்களே?"

களம், மேடு, பள்ளம், ஜீப் எல்லாவற்றையும் சொன்னேன். ஒழுங்கான வரிசையில் சொன்னதாகத்தான் ஞாபகம்.

"சரி. இங்க படிக்கிற பசங்க பாதிப் பேரு மலையைப் பக்கத்துல பார்த்ததே இல்லை. அவங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பீங்க?"

நான் யோசித்தேன். கேள்வி நியாயமானது.

அண்ணி, இறக்கையிலிருந்து ரப்பர் வளையத்தைக் கழற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "எல்லாத்துக்கும் ஊடுன்னு ஒண்ணு இருக்குமுங்க சார். அது எந்தப் பக்கம்னு கேட்டாப் போச்சு."

அவர் அதையும் எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை. அட்டை அவர் பக்கம் திரும்பியிருந்தது.

மேலே வரும் வழியிலும் இறக்கை அண்ணியின் மடியிலேயே இருந்தது. பத்தாவது வளைவுக்கு மேல் காற்று குளிர்ந்தது. அப்போது அண்ணி சொன்னார்:

"நான் முதல்லயே ஊடுன்னு சொல்லியிருக்கோணும்."

"நான் முதல்லயே மலையப் பாத்திருக்கோணும்ங்க அண்ணி."

"நானு தெனமும் கீழ போயிட்டு வர்றேன்," என்றான் அண்ணன். "எனக்கே தோணல. என்னயும் திட்டிக்கங்க."

நிலவரம்

வேலை, வட்டத்துக்குள் இறக்கியவருக்குப் போனது. சரியான முடிவு. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால் தபால் வந்தது. நான் இரண்டாவது என்று அதில் இருந்தது. அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, மடித்து, என்னிடம் கொடுத்தார். ஜனவரி ஒன்றாம் தேதி செக்ரோல் எழுத உட்கார்ந்தேன். முதல் வாரமே காலிங் பெல்லைச் சரிசெய்தேன்.

பதினான்கு மாதம் எழுதிய பிறகு இன்னொரு தபால் வந்தது. வேலையில் இருந்தவர் வேறு ஊருக்குப் போகிறார், இரண்டாவதாக வந்தவர் என்ற முறையில் விருப்பமிருந்தால் சேரலாம், மறு தேர்வு தேவையில்லை. அண்ணிக்குப் படித்துக் காட்டினேன்.

"என்னயப் பத்தி ஒண்ணும் எழுதலியா கண்ணு?"

"இல்லீங்க அண்ணி."

"கத்துனது பூரா நானு," என்றார்.

இப்போது அந்த மைதானத்தில் எனக்கு நான்காவது வருடம் நடக்கிறது. சேலத்தில் ஹாஸ்டலில் இருக்கிறேன். சனிக்கிழமை மாலை பஸ்ஸில் மேலே போய்விடுவேன். எதிரே வரும் விமானத்தை முகம் பார்த்து ஓட்டப் பழகிவிட்டேன், அதற்கு நான்கு மாதம் ஆனது. புதிதாக வரும் மாணவர்களிடம் முதல் நாள், உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று கேட்கிறேன். சிலர் உடனே கை காட்டுவார்கள். சிலர் சூரியனைத் தேடுவார்கள். கை காட்டிய பிறகுதான் பெட்டியைக் கொடுப்பேன்.

செக்ரோலை இப்போது வேறொருவர் எழுதுகிறார். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். அண்ணி அதன்பின் மலையை விட்டு இறங்கவில்லை, காது அடைக்கிறது என்கிறார்.

பழைய விமானம் எஸ்டேட் ஸ்டோரில் உத்திரத்திலிருந்து தொங்குகிறது. இடது இறக்கையில் இரண்டு இடத்தில் எலி கடித்திருக்கிறது. புதுத் தாள் ஒட்ட வேண்டும். இஞ்சின் சுற்றுகிறது. இரண்டு பொத்தான்களும் வேலை செய்கின்றன. களத்தில் காபி காய்ந்துகொண்டிருக்கிறது. அதை அள்ளும்வரை பறக்கவிட முடியாது.